பன்னிரண்டாம் அலைவரிசையில் கஸ்பர்

காலை ஆறு மணிக்கு ரெக்சலின் தன் இருக்கையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டியபோது, பன்னிரண்டாம் அலைவரிசையில் அவள் அண்ணன் கஸ்பர் ஏற்கெனவே வேலையில் இருந்தான்.

“வடக்கு வாயில்ல மண்மேடு நேத்தைக்கு இருந்ததைவிட நாப்பது மீட்டர் கெழக்க தள்ளியிருக்கு, தங்கச்சி. பெரிய கப்பல் எதையும் அந்தப் பக்கம் விட்டுராத.”

“சரிண்ணே.”

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் கடலுக்குள் போய் இருபது வருடமாகிறது. புதிய துறை அதன் மேலேயே மிதந்துகொண்டிருந்தது. அடியில் மூழ்கிக் கிடந்த கிடங்குகளும் பாலங்களும் நீரோட்டத்தைத் திருப்பித் திருப்பி விட்டதில் மணல் தினமும் இடம் மாறியது. காலையில் வரைந்த வரைபடம் மாலைக்கு உதவாது. மாலுமிகள் இயந்திரத்தின் கணக்கை நம்பிக் கப்பலைக் கொண்டுவர மறுத்தார்கள். பழகிய குரல் ஒன்று கரையிலிருந்து பேச வேண்டும். அதற்காக வழிகாட்டுக் கூடத்தில் எட்டுப் பேரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள்.

எட்டு இருக்கைகளில் மூன்று காலி. ஆனால் எட்டுக் குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

கஸ்பரின் இருக்கை காலியாகி ஆறு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

பத்து மணி இடைவேளையில் ஒப்பந்தப் பிரிவிலிருந்து ஆனந்தவல்லி அழைத்தார். ரெக்சலின் மாடியேறிப் போனாள். மேசைமேல் ஒரு திரை அவள் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“உங்க ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்கு. ஆனாலும் உங்க அனுபவத்தை மதிச்சு நிர்வாகம் இப்பவே புதுப்பிக்க விரும்புது. ஏழு வருஷம். பத்து நாளைக்குள்ள சொன்னாப் போதும்.”

ரெக்சலின் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். எல்லா ஒப்பந்தக்காரர்களின் கையிலும் அந்த உடல்பட்டை இருந்தது. நாடித்துடிப்பும் ரத்த ஓட்டமும் தூக்கமும் இன்னும் பெயர் தெரியாத நூறு கணக்குகளும் அதன் வழியே எங்கோ போய்க்கொண்டிருந்தன. அங்கே ஒரு கணிப்பான் உட்கார்ந்து யாருக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. மருத்துவ உரிமம் இல்லாத எவரும் அந்தக் கணிப்பை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். ஆகவே யாரும் எதையும் சொல்லவில்லை. காலம் நெருங்கியவர்களை மட்டும் தவணைக்கு முன்பே புதுப்பிக்க அழைப்பார்கள், அவ்வளவுதான்.

“எனக்கு என்ன மேடம்?” என்று கேட்டாள் ரெக்சலின்.

ஆனந்தவல்லி மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எனக்குத் தெரியாதும்மா. நெசமாவே எனக்குக் காட்ட மாட்டாங்க. பேரு மட்டுந்தான் வரும்.” திரையில் வேறொரு பக்கத்தைக் காட்டினார். “இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. உங்க அண்ணன் தவணை இந்த மாசக் கடைசியில முடியுது. நீங்க கையெழுத்துப் போட்டா, இணைப்பணின்னு ஒரு விதிவிலக்கைக் காட்டி அவர் நிழலையும் உங்களோடயே ஏழு வருஷம் நீட்டிக்கலாம்.”

ஒப்பந்தக்காரர் வேலை நேரத்தில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டுப் பழகிய இயந்திரக் குரல்தான் நிழல். ஆள் இடையில் இறந்தால் மிச்சத் தவணையை அது முடித்துக் கொடுக்கும். பாதிச் சம்பளம் வீட்டுக்குப் போகும். உயிரோடு இருக்கையில் போட்ட கையெழுத்து எதுவரை செல்லுமோ அதுவரைதான் நிழலுக்கும் ஆயுள். அதன்பிறகு அழித்துவிட வேண்டும். கஸ்பரையும் இப்படித்தான் ஒருநாள் முன்கூட்டி அழைத்தார்கள். ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். ஐந்தாம் மாதம் இறந்துபோனான்.

வீட்டில் கணவன் வில்பிரட் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். “கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு” என்றான்.

மூன்று நாள் சோதித்தார்கள். மூளைக்குள் ஒரு ரத்தக் குழாய் மொட்டுப்போல வீங்கியிருந்தது. கத்தி வைக்க முடியாத இடம். “நாளைக்கே வெடிக்கலாம், இருபது வருஷம் அப்படியே இருந்தாலும் இருக்கலாம்” என்றார் மருத்துவர். “அவங்க கணிப்பு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் வில்பிரட் அவள் கையைப் பிடித்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டான்: “கையெழுத்துப் போட்டுருவியா?”

“போட்டா, நான் போனப்புறமும் தெனமும் என் கொரலக் கேக்கலாம் நீங்க.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவன் பயத்துக்குக் காரணம் தெருக்கோடியில் இருந்தது. கஸ்பரின் மனைவி ஜெசிந்தா அந்த வீட்டில் தனியாக இருந்தாள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை ஒரு பழைய ரேடியோப் பெட்டி அவள் சமையல்மேடைமேல் பன்னிரண்டாம் அலைவரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. கஸ்பரை அடக்கம் செய்த மறுநாள் துட்டி கேட்கப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒப்பாரி எடுக்க வாய் திறந்த நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து கஸ்பர் தொண்டையைச் செருமி ஒரு கப்பலை உள்ளே கூப்பிட்டான். வந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஜெசிந்தா அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. வேலைக்குப் போயிருக்கிற மனிதனுக்காக எப்படி அழுவது?

எட்டாம் நாள் அவளே வந்தாள். ஆனந்தவல்லி அவளுக்கும் தகவல் அனுப்பியிருந்தார்.

“ரெக்சி, ஒனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பட்டை சொல்லுததெல்லாம் நடக்குதா என்ன?” என்றாள். “ஆனா கையெழுத்த மட்டும் போட்டுருளா. ஒன் கால்ல வேணாலும் விழுதேன். ஒங்கண்ணன இந்த மாசத்தோட அழிச்சிருவாங்களாம்.”

“மதினி, அண்ணன் செத்து ஆறு வருசமாச்சு.”

“ஒனக்கு. நீ அவர அடக்கம் பண்ணிட்ட.”

ரெக்சலின் மதினியை அவள் வீடுவரை கொண்டுவிட்டுத் திரும்பினாள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இருக்கிற ஒப்பந்தமும் முப்பது நாளில் முடிந்துவிடும், தன் நிழல் என்று எதுவும் மிஞ்சாது. அதைத்தான் அவள் மனம் விரும்பியது. ஆனால் அதைச் செய்வது மதினி வீட்டிலிருந்து அண்ணனை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம். பறிப்பதற்கு முன் மதினி கையில் எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை கப்பல்களுக்கு நடுவே சற்று ஓய்வு கிடைத்தது. அலைவரிசையில் சொந்தப் பேச்சு கூடாது. இருந்தாலும் ரெக்சலின் பொத்தானை அழுத்தினாள்.

“அண்ணே, அன்னைக்கு நீ கையெழுத்துப் போடும்போது ஒனக்குத் தெரியுமா?”

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “காத்து தென்மேற்கு, வேகம் பதினெட்டு நாட், தங்கச்சி. கூடிக்கிட்டே போகுது.”

“அண்ணே, மதினி கேட்டுக்கிட்டு இருக்காவ. ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடேன். ஜெசிந்தான்னு.”

“ஜெசிந்தா…” என்றது கஸ்பரின் குரல். அதே குரல், பெயரின் கடைசியில் லேசாக இழுக்கும் அதே இழுப்பு. காகிதம் புரட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. உயிரோடு இருக்கும்போது அவன் வருகைப் பட்டியலைப் புரட்டுகிற சத்தம். “ஜெசிந்தாங்கிற பேர்ல இன்னைக்குக் கப்பல் வரவு இல்லையே, தங்கச்சி. எந்த நாட்டுக் கொடி?”

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

உயிரோடு இருந்தவரை அவன் வேலை நேரத்தில் ஒருமுறைகூட மனைவியின் பெயரைச் சொன்னதில்லை. கூடத்து விதியை மீறாத மனிதன். நிழலுக்கு மண்மேடுகள் தெரியும், காற்று தெரியும், தங்கை தெரியும்.

பணி முடிந்து ரெக்சலின் ஓட்டமும் நடையுமாக மதினி வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. ஜெசிந்தா சமையல்மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் வரும் வேறு யாரோ ஒருவருடைய குரல்.

“மதினி, நான் வேணும்னு செய்யல. ஒங்க பேரக் கேட்டா ஒங்களுக்கு ஆறுதலா இருக்கும்னுதான்…”

“எந்த நாட்டுக் கொடின்னு கேட்டாரு” என்றாள் ஜெசிந்தா. முகத்தில் கோபமும் இல்லை. “ஆறரை வருசமா அவரு என்கூட இருக்காருன்னு நெனச்சிருந்தேன். அவரு வெறும் கப்பலுங்ககூட இருக்காருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

ரெக்சலின் அவளருகே தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஜெசிந்தாவே சொன்னாள்: “நீ போடாத. வில்பிரட்ட இப்படித் தரையில உக்கார வச்சிராத.”

ரெக்சலின் அடுத்த நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஆனந்தவல்லி அதை வாங்கும்போது அவள் விரல்களை ஒரு கணம் அழுத்தினார். கணிப்பான் எத்தனை நாள் என்று எண்ணியிருந்தது என்பது ரெக்சலினுக்குத் தெரியவே போவதில்லை. நடக்கும்போது, குனியும்போது, இருமும்போதுகூட அந்த மொட்டு நினைவுக்கு வந்தது.

மாதக் கடைசி நாளில் ஒன்று ஐம்பதுக்குக் கஸ்பர் ஓர் உப்புக் கப்பலைக் கரையோடு சேர்த்தான். “கட்டியாச்சு தங்கச்சி. இன்னைக்கு அவ்வளவுதான்” என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அலைவரிசை ஓய்ந்துவிட்டது.

அன்று மாலை ரெக்சலினும் வில்பிரட்டும் போனபோது தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஜெசிந்தா வீட்டில் கூடியிருந்தார்கள். அவளே வீடு வீடாகப் போய்த் துட்டிக்கு வரச்சொல்லியிருக்கிறாள். முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு வயதான ஒருத்தி கஸ்பரின் பெயரைச் சொல்லி இழுக்க, ஜெசிந்தாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தெரு நாய்கள் எழுந்து நின்றன. மாரில் அடித்துக்கொண்டு, தலையை விரித்துப்போட்டு, இருட்டும்வரை அழுதாள்.

எல்லோரும் போனபிறகு ரெக்சலின் அவளுக்குக் கட்டாயப்படுத்திக் கொஞ்சம் சுக்குக் காப்பி குடிக்கக் கொடுத்தாள். ஜெசிந்தா இரண்டு மிடறு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். வீங்கிய கண்களோடு நாத்தனாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீ போனா, நான் அன்னைக்கே அழுதுருவேன் ரெக்சி” என்றாள்.

“சரி மதினி” என்றாள் ரெக்சலின்.