தம்பியின் கண் போன வழி

கண் அப்படிப் போகாது. பத்து வருடமாகக் கண்ணசைவை அளப்பதே அவளுக்குப் பிழைப்பு. வெறுமனே பார்க்கும் கண் தத்தித் தத்தித்தான் நகரும். வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் எதிரே ஏதாவது நகர வேண்டும். தம்பியின் கண் வழுக்கிக்கொண்டு போனது.

மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் திறந்த கண்ணோடு கிடக்கிறான். இமை மூடாது, நர்ஸ்தான் சொட்டு மருந்து விடுவாள். உள்ளே ஆள் இல்லை என்றார் டாக்டர். நான்கு மணிக்கு மூச்சு இயந்திரத்தை நிறுத்துவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆய்வகத்துக் கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அவனுக்கு மாட்டியிருந்தாள். அதன் சட்டத்தில் கண்ணைப் பார்த்தபடி இருக்கும் கடுகளவு கேமராக்கள் படம் எடுப்பதில்லை. அசைந்ததை மட்டும் மடிக்கணினித் திரையில் புள்ளிகளாகப் போடும். அசையாதது இருட்டு.

இப்போது திரையில் இரண்டு வளையங்கள், தம்பியின் இரண்டு கண்மணிகள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அழுது மரத்துப்போன மனசுக்கு அதுகூட வரவில்லை. முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டாள், அதுதான் தொழில் பழக்கம். படபடக்கும் டியூப்லைட்டை அணைத்தாள், மின்விசிறியை நிறுத்தினாள், மத்தியான வெயில் ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலையைச் சேர்த்துக் கட்டினாள். டெட்டால் வாடையும், இயந்திரம் இழுத்து விடும் மூச்சும் மட்டும் அறையில் மிச்சம். வளையங்கள் நிற்கவில்லை.

கதவிலிருந்து ஜன்னலுக்கு. ஜன்னலிலிருந்து கட்டிலின் கால்மாட்டுக்கு. ஒருவர் நிதானமாக நடக்கும் வேகம்.

அங்கே யாரும் இல்லை.

"டேய், என்னடா பாக்கறே?"

கண்மணிகள் விரிந்தன. அவள் நாற்காலியின் பக்கம் வந்தன. நின்றன. தோளருகே காற்று கொஞ்சம் குளிர்ந்ததாகத் தோன்றியது, அவ்வளவுதான். பிறகு வளையங்கள் அவளைத் தாண்டின.

தலைமாட்டுக்கு.

அங்கிருந்து இரண்டும் மெல்ல ஒன்றையொன்று நெருங்கின. பார்க்கும் பொருள் கிட்டே வந்தால் கண்கள் மூக்கின் பக்கம் திரும்பும். தூரத்தையும் கருவியே கணக்கிட்டுக் காட்டியது. ஒரு முழம். ஒரு சாண். நான்கு விரல்.

கதவு திறந்தது. தம்பி மனைவி, பின்னால் டாக்டர்.

"அக்கா, ஏதாவது அசைவு இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்கு மணியோடு அவனுக்கு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பவனை இல்லை என்பதா? கூடப் பிறந்தவனை எப்படிக் கொல்வது?

"இருக்கு," என்றாள். "உள்ளேதான் இருக்கான். எல்லாம் பாக்கறான்."

டாக்டர் திரையைக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அப்போ நிறுத்த வேண்டாம்மா. மாசமோ, வருஷமோ... இந்த ரூம்லயே வெச்சுப் பாத்துக்கலாம்."

தம்பி மனைவி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்தத் தோளுக்கு மேலாகத் திரை தெரிந்தது. இரண்டு கண்மணிகளும் மூக்கோடு ஒட்டி, முழுக்க விரிந்து, எதற்கோ மிக அருகில் நடுங்கிக்கொண்டிருந்தன. இமைக்க முடியாமல்.