எட்டுப் புள்ளிகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'ஏழு'. ஏழாம் அறை என்பதால் அப்படி. தொற்று வந்துவிடக் கூடாது என்று எட்டுக் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு கண்ணாடி அறை. பன்னிரண்டு நாட்களாக அவள் யாரோடும் விளையாடவில்லை. மேலே சுற்றும் மின்விசிறிக்குக்கூடக் கதை சொல்லிப் பார்த்துவிட்டாள். அது தலையாட்டவில்லை.

இன்று நான்கு மணிக்கு, எட்டு அறைகளிலும் பார்க்கிற நேரலை நிகழ்ச்சியில் அவள் தம்பி பாடப்போகிறான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த டேப்லெட்டில் படம் நின்று நின்று வந்தது.

"நர்ஸ் அக்கா, ஏன் இப்படித் திக்குது?"

நர்ஸ் அக்கா மாஸ்க்குக்குள் சிரித்தார். "இங்க நெட் கம்மி, ஏழு. படம் துண்டு துண்டா வரும். உனக்கு வந்த துண்டை உன் டேப்லெட் மத்த ரூமுக்குக் குடுக்கும். அவங்களுக்கு வந்தது உனக்கு வரும். குடுக்கிற ரூம் பச்சைப் புள்ளியாத் தெரியும்."

திரையின் ஓரத்தில் எட்டுப் புள்ளிகள். எட்டுமே சாம்பல் நிறம்.

ஏழுக்கு முகம் சுருங்கியது. வந்த அன்றே 'பகிர்' பொத்தானை அணைத்து வைத்தவள் அவள். பகிர்ந்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும். அறையில் இருந்த ஒரே பிளக்கில் மருந்து ஏற்றும் இயந்திரம் மாட்டியிருந்தது; ராத்திரி நர்ஸ் அக்கா வெளியே கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுத் தந்தால்தான் உண்டு. மற்றவர்கள் கொடுக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம் என்று நினைத்திருந்தாள். எட்டுப் பேரும் அதே கெட்டிக்காரத்தனத்தைச் செய்திருக்கிறார்கள்!

சார்ஜ் கொஞ்சம்தான் மீதி. பகிர்ந்தால் தம்பி பாடுவதற்குள் தீர்ந்துவிடலாம். பகிராவிட்டால் யாருக்குமே படம் ஓடாது.

"யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணுமே" என்று முணுமுணுத்தபடி பொத்தானை அழுத்தினாள்.

ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அவளுடையது. அங்கேயும் அவள் தனிதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு நிமிடம் கழித்து நான்காம் புள்ளி பச்சையானது. அது எதிர் அறை. பிறகு இரண்டு, ஆறு, எட்டு... படம் தடையில்லாமல் ஓடியது. தம்பி மேடையேறினான். தொண்டையைச் செருமினான்.

அவள் டேப்லெட் அணைந்தது.

ஏழு போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

டக், டக்.

எதிர் அறையில் ஒரு மொட்டைத்தலைப் பையன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். ஏழாம் புள்ளி மறைந்ததைப் பார்த்திருக்கிறான். தன் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தான். திரையில் தம்பி!

சத்தம் அவனுக்கு, படம் அவளுக்கு. பாட்டுத்தான் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே! தம்பியின் வாயசைவைப் பார்த்தபடியே சேர்ந்து பாடினாள்.

பாட்டு முடிந்ததும் பையன் எட்டிப் பார்த்து, 'எப்படி?' என்பதுபோல் கையை ஆட்டினான்.

ஏழு இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினாள். ஒன்று தம்பிக்கு, ஒன்று அவனுக்கு.