பெயர் தெரியாத கல்யாண மெட்டு

"அந்த இடத்துல மேல ஏறக் கூடாது... கீழ இறங்கணும்."

ஒலிந்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆற்றைக் கடக்கும் படகில், மழைக்கு ஒதுங்கி, வயலின் பெட்டியை அணைத்தபடி அவள் பாட்டுக்கு ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பேசியவன் சைக்கிளைப் பிடித்து நின்றான். பின்னால் பெரிய ரொட்டிக் கூடை. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும்... மாலை வெயில் பட்ட மாண்டோவி ஆறு போலத் தேன் நிறம்!

"நீங்க ரொட்டி விக்கறவரா, மெட்டு விக்கறவரா?"

"ரொட்டிதான்."

"அப்ப கூடையைப் பாருங்க, நனையுது. இருநூறு கல்யாணத்துல வாசிச்சிருக்கேன் இதை!"

"இருநூறு தடவையும் தப்பாவா?"

படகு கரை தட்டியது. சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிப் போய்விட்டான்.

'திமிரைப் பாரு...'

அவன் சொன்னது தவறென்று நிரூபிக்கவே அன்று மதியக் கல்யாணத்தில் அந்த இடத்தை அவன் சொன்னபடியே கீழே இறக்கி வாசித்தாள். ஆட்டத்தையே மறந்து உட்கார்ந்திருந்த வயதான தம்பதிகள் ஜோடி ஜோடியாக எழுந்து ஆட வந்தார்கள். அவளுக்குச் சிலிர்த்தது. கோவாவில் இந்த மெட்டு இல்லாமல் கல்யாணமே இல்லை. எழுதியவர் யாரென்று மட்டும் எவருக்கும் தெரியாது. இவனுக்கு எப்படி...?

வாத்தியக்குழுவின் தலைவர், டிரம் வாசிக்கும் அவள் அப்பா கைத்தான். படகில் பார்த்த ரொட்டிக்காரன் யாரென்று அவரைக் குடைந்தாள்.

"ரிபந்தர் ரொட்டிக்கடை எவரிஸ்தோவா? பிரமாதமா வயலின் வாசிப்பானே! பன்னெண்டு வருஷம் முன்னாடி பம்பாய்ல சினிமாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டாங்க. கிளம்புற வாரம் அவன் அப்பன் படுத்துட்டான். அடுப்பை யாரும்மா பார்ப்பா? இவன் இடத்துக்குப் போனவன் இன்னிக்கு எங்கேயோ இருக்கான். தங்கச்சி கல்யாணத்துக்கு என்னமோ எழுதினான்... அதோட வயலினைத் தொடலை."

"என்ன எழுதினார்ப்பா?"

"யாருக்குத் தெரியும்? நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகலையே."

மறுநாளே ரொட்டிக்கடையில் போய் நின்றாள். "அந்த மெட்டு உங்களோடதுதானே?"

எவரிஸ்தோவின் முகம் இறுகியது. "பம்பாய் போகாதவன் என்ன எழுதினா யாருக்கென்ன? பரிதாபப்பட வந்திருந்தீங்கன்னா, கிளம்புங்க."

"பரிதாபமா? தெரிஞ்சுக்கணும்னு ஓடி வந்தேன் பாருங்க... என்னைச் சொல்லணும்!"

கண் கலங்கியது அவனுக்குத் தெரியக் கூடாதென்று மழைக்குள்ளேயே இறங்கி நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு ரொட்டி அவன் கடையிலிருந்துதான். சமையல்கட்டில் கூடையை இறக்கும்போது பந்தலில் ஒரே கூச்சல்.

"அதை மட்டும் வாசிக்க மாட்டேன்னா எப்படி, ஒலிந்தா?" மணப்பெண் அழாத குறை. "அது இல்லாம இது என்ன கல்யாணம்?"

"எங்க கல்யாணத்துக்கு அதுக்குத்தான் ஆடினோம்மா..." என்றார் யாரோ.

ஒலிந்தா அசையவில்லை. "எழுதினவர் உயிரோட இருக்கார். அவர் சரின்னு சொல்லாம வாசிக்க மாட்டேன்."

எவரிஸ்தோ கதவோரம் நின்று கேட்டான். பந்தல் முழுக்கத் தன் மெட்டைக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாகத் தெருத் தெருவாக அது காதில் விழும்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதித்திருக்கிறான். ஒரு நாளும் நின்று ஆடுகிறவர்களின் முகங்களைப் பார்த்ததில்லை...

மாவு ஒட்டிய கையோடு மேடைக்கு நடந்தான்.

"வாசிங்க. நான் எழுதினதுதான்."

பந்தலில் கைதட்டல் இடி போல எழுந்தது. ஒலிந்தா குனிந்து மெல்லக் கேட்டாள்: "பம்பாய் போகலையேன்னு இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது. இல்லைன்னா பொய்." அந்தத் தேன் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "ஆனா இன்னொண்ணையும் சொல்லாம விட்டுட்டு, இன்னொரு பன்னெண்டு வருஷம் வலிக்க வேண்டாம்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, ஒலிந்தா. படகுலயே பிடிச்சுப்போச்சு."

அவள் காது வரை சிவந்தாள். "எனக்கும்... அப்பாகிட்ட எப்ப வந்து பேசறீங்க?"

"நான் இங்கதான்டா உட்கார்ந்திருக்கேன்!" டிரம்முக்குப் பின்னாலிருந்து கைத்தான் கத்தினார். "சம்மதம்! முதல்ல மெட்டை ஆரம்பிம்மா, பொண்ணும் மாப்பிள்ளையும் கால் கடுக்க நிக்கறாங்க!"