ஒட்டாத கொலுசு

குஜராத்தின் அலங் கடற்கரை யார்டுகளில் கப்பல்களை உடைத்துக் குவிக்கிற இரும்பை, கிரேனில் தொங்கும் மின்காந்தத் தட்டுதான் தூக்கும். கரண்ட் போட்டால் டன் கணக்கில் கவ்விக்கொள்ளும். நிறுத்தினால் விட்டுவிடும், மிச்ச வேலையைப் பூமி பார்த்துக்கொள்ளும். பூமிக்குக் கரண்டும் வேண்டாம், லீவும் கிடையாது.

அந்த மழை நாளில் கிரேன் ஓட்டுகிற தேவ்ஷி அள்ளிய இரும்போடு ஒரு சாப்பாட்டு டப்பாவும் மேலே போனது.

"கிரேன்காரரே... அது என் சாப்பாடு. இறக்குங்க."

கீழே நின்றவள் ஜீவி. இரும்புக் குவியலில் பித்தளை பொறுக்குகிறவள். இமையில் மழை வழிய, அண்ணாந்து பார்த்த அந்தக் கண்கள்... அப்படிக் கோபப்பட்டும் ஒருத்தி அழகாக இருப்பாளா என்று நினைத்தான் தேவ்ஷி.

தட்டை ஓரமாக இறக்கி, டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"கம்பு ரொட்டிக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான். நல்ல எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாது."

"ஒட்டாத டப்பா வாங்கித் தாங்களேன்... வாய் மட்டும் இருக்கு."

மறுநாள் டப்பா கொண்டுவரவில்லை அவன். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு துண்டுக் காந்தத்தைத் தந்தான்.

"இனிமே எதை வாங்கினாலும் இதை வச்சுப் பாருங்க. எவனையும் நம்பாதீங்க."

சரியான பேச்சுதான். கடைக்காரனை நானும் நம்பியதில்லை. ஆனால் சொன்ன பேச்சு சொன்னவன் மேலேயே வந்து விழும் என்று அவனுக்கு யார் சொல்வது...

ஒருநாள் அவள் கேட்டாள். "யார்டுல எல்லாரும் என்னை 'ஜீவிபென்'னு, அக்கா தங்கச்சி முறை வச்சுக் கூப்பிடறாங்க. நீங்க மட்டும் ஏன் வெறும் ஜீவி?"

"அக்கா எனக்கு ஊர்ல இருக்கா."

அவள் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பதில் புரிந்துவிட்டது.

தீபாவளிக்கு முன் வெள்ளிக் கொலுசு வாங்கினான். அவள் வாங்கிக்கொண்டால் மாமாவை அனுப்பிப் பெண் கேட்பதென்று முடிவு. துணியைப் பிரித்தாள். கண் விரிந்தது. இடுப்பு முடிச்சிலிருந்து காந்தத்தை எடுத்து, கொலுசில் வைத்துப் பார்த்தாள்.

"ஒட்டல..." என்று சந்தோஷமாகச் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "என்னையே சோதிக்கிறியா?"

"ஐயோ... கைப்பழக்கம்..."

கொலுசைப் பிடுங்கிக்கொண்டு போனான். அந்த வாரமே வேறு யார்டுக்கு மாறினான். வருத்தத்துக்கு நடுவே அவளுக்கும் ரோஷம். தேடிப் போகவில்லை. மறு வருஷம் அப்பா காட்டியவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

பன்னிரண்டு வருஷம். பக்கத்து ஊர் தலாஜாவின் பஜாரில் மழைக்கு ஒரு பாத்திரக்கடையில் ஒதுங்கினான் தேவ்ஷி. உள்ளே ஒரு பெண் குடத்தின்மேல் கறுப்பாக எதையோ வைத்துப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கும் முன்பே அந்தக் காந்தத்தை அடையாளம் கண்டான்.

"இன்னும் வச்சிருக்கியா, ஜீவி?"

அவள் திரும்பினாள். அதே கண்கள். கோபம் மட்டும் இல்லை.

"அன்னிக்குக் கைதான் பார்த்தது... மனசு பார்க்கல."

"தெரியும். மறுநாளே தெரியும். பார்த்து வாங்கச் சொன்னவனே நான்தானே."

"தெரிஞ்சா வந்திருக்கலாமே..."

"நீ வரட்டும்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன்... மூணு மாசம்."

கடைக்காரன் விலை சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை.

"எனக்கு உன்மேல ஆசை இருந்தது, ஜீவி. இருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்... கொலுசு பேசும்னு நினைச்சேன்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். வெளியே அவள் ஊர் பஸ் வந்து நின்றது.

"அந்தக் கொலுசு?"

"பெட்டியில இருக்கு. யாருக்கும் கொடுக்கல."

"கறுத்திருக்குமே..."

"கறுத்துப் போச்சு. அசல் வெள்ளி."

"நான் ஒருநாளும் சந்தேகப்படல," என்றாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.