பூசைக்குக் கொடுத்த பெயர்கள்

பதினொரு பேரைத்தான் கொன்றிருந்தார் ஹென்றி. பன்னிரண்டு பேருக்குப் பூசை கேட்டிருப்பதாகக் கோயில் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"நல்லா பாரு சைமனு. பதினொண்ணுதான் எழுதிக் குடுத்தேன்."

"எனக்கு எண்ணத் தெரியாதாண்ணே? பன்னெண்டு கீது. உன் கையெழுத்துதான்." அந்தப் பக்கம் சைமன் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போனா போவுது, இன்னொரு ஆத்மாவும் சேர்ந்து கரையேறட்டுமே."

கொன்றதெல்லாம் கதையில்தான். துறைமுகத்தில் முப்பது வருஷம் டாலி கிளார்க்காக நின்று, கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கோடு போட்டே கண் பூத்துப்போன மனுஷன், ரிட்டயர் ஆனபிறகு மாதம் ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த மாதிரிப் புத்தகம். புத்தகத்துக்கு ஒரு பிணம் நிச்சயம். மனைவி இருதயம்மாள் உயிரோடு இருந்தவரை ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மூக்கைச் சிந்துவாள். "அதுங்களுக்குன்னு அழ யார் கீறாங்க? சாவடிச்சவன் நீ, பூசையும் நீதான் வைக்கணும்" என்று மல்லுக்கு நின்று அவள் ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். அதோடு ஹென்றி அந்த வருஷம் சாகடித்தவர்களின் பெயர்களும் சேர்ந்துவிடும். சாமியாருக்கு விஷயம் தெரியாது. வாசிக்கிற சைமனுக்குத் தெரியும். முஸ்லிம் பெயர், இந்துப் பெயர் என்று வரும்போது சிரிப்பை அடக்க இருமுவான். இருதயம்மாள் போய் மூன்று வருஷமாகியும் ஹென்றி அதை விடவில்லை. அன்று சாயங்காலம்தான் இந்த வருஷப் பூசை.

"அந்தப் பன்னெண்டாவது பேரு இன்னா, படி."

காகிதம் சரசரத்தது.

"டெபோரா."

அது அவருடைய மகளின் பெயர்.

ஹென்றி மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. எதிரே அவருடைய நீளமான நோட்டு விரிந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு பக்கம். செத்தவர் பெயர், இடம், நேரம், எப்படி என்று நாலே வரி. ஜூனில் வேலப்பன், சாத்தாங்காடு இரும்பு யார்டில் தகட்டுக்கு அடியில். ஆகஸ்டில் சொக்கம்மாள், கத்திவாக்கம் கழிமுகத்துச் சேற்றில். நவம்பர் வரை சரியாக வந்து, டிசம்பர் பக்கம் வெறுமையாக இருந்தது. இந்த மாதம் பேனாவை எடுத்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, எழுதவில்லை. ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில், போன ஜனவரி ஒன்றாம் தேதி போட்ட தீர்மானம் அவரைப் பார்த்தபடி இருந்தது. 'பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையாது.' கீழே கையெழுத்து. சே, வயசான காலத்தில் இதென்ன வீராப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் அடுத்த வருஷத்துக்கான புது நோட்டைப் பிரித்திருந்தார். பிரித்தவர் சும்மா இருந்திருக்கலாம். வீம்புக்கு அதே வரியை அதிலும் எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் போன் வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டு மரப்படி. கீழே வலை போட்டு வைக்கிற குடோன். பண்டிகைக்காக நாலு நாளாகப் பூட்டிக் கிடந்தது. படி முகப்பில் டெபோரா கட்டிய காகித நட்சத்திரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. சந்து திரும்பினால் கோயில். அந்த நூறு அடியில் மர்மக் கதைக்காரரின் மூளை ஆட்களை வரிசையாக நிறுத்திவிட்டது. சைமன்? விளையாட்டுப் புத்தி உண்டு, ஆனால் செத்தவர் லிஸ்டில் விளையாடுகிற அளவுக்குக் கல் நெஞ்சன் கிடையாது. டெபோரா? "ஊர்ல கீற எல்லாரையும் கொல்ற, என்னை எப்ப நைனா கொல்லப்போற?" என்று போன வாரம்கூடச் சீண்டினாள். இருந்தாலும் பெயர் லிஸ்டை உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர். வேறு யார் கையும் படவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளைப் பற்றி யோசிக்க ஹென்றிக்குப் பிடிக்கவில்லை.

சைமன் காகிதத்தை நீட்டினான். அவர் கையெழுத்தேதான். 'டெ'யின் கொம்பை அவர் சுழிக்கிற அதே சுழி, அதே நீல மை. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. மற்ற பெயர்களெல்லாம் காய்ந்திருக்க, கடைசிப் பெயரைக் கட்டைவிரலால் தொட்டபோது மை ஒட்டியது.

"பேனா குடு."

பெயரின் மேல் ஒரே கோடு. பக்கத்தில், யோசிக்காமல், கையெழுத்து. துறைமுகத்துப் பழக்கம் அது. டாலி சீட்டில் எதை அடித்தாலும் அடித்தவன் பக்கத்தில் பெயர் போட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டே செல்லாது. ஒருமுறை மறந்து மெமோ வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து மளிகை லிஸ்டில் புளியை அடித்தாலும் 'ஹென்றி' என்று எழுதாமல் கை நகராது. டெபோரா அதைக் காட்டிக்காட்டிச் சிரிப்பாள்.

"அடிச்சாச்சு. இதை வாசிக்கக் கூடாது, புரியுதா?"

"இன்னாண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துகீது? தண்ணி குடிக்கிறியா?"

"வாசிக்கக் கூடாது."

"சரி, சரி. வாசிக்கல. நீ போய் வூட்ல படு."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நோட்டைப் பார்த்தார். டிசம்பர் பக்கம் இப்போது வெறுமையாக இல்லை.

'டெபோரா. மாடிப்படி. மாலை ஆறே முக்கால்.'

நாலாவது வரி, எப்படி என்கிற வரி, மட்டும் காலியாக இருந்தது. வாசல் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார். சாவி அவர் பையில் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு. அறையில் கழிமுகத்துச் சேற்று வாடை லேசாக அடித்தது. காசிமேட்டு மீன் வாடையில் பிறந்து வளர்ந்தவர் அவர். இது அது இல்லை என்று மூக்குக்குத் தெரிந்தது.

பேனாவை எடுத்து அந்த மூன்று வரியையும் அடித்தார். கையெழுத்துப் போட்டார். அப்புறம் மகளைக் கூப்பிட்டார்.

டெபோரா எண்ணூரில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்த்தாள். ஐந்து மணிக்கு விடுவார்கள். ஸ்கூட்டரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வருவாள்.

"வண்டிய அங்கியே போட்டுட்டு ரயில்ல வா கண்ணு."

"இன்னா நைனா திடீர்னு?"

"சொன்னா கேளு. இன்னொண்ணு, வூட்டுக்கு வராத. நேரா கோயிலுக்குப் போயிடு. பூசை முடிஞ்சு நானே வந்து கூட்டினு வரேன். அது வரைக்கும் படியேறக் கூடாது."

"யார்னா வந்துகீறாங்களா வூட்ல?"

யாரும் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். கீழே, படியின் அடியில், யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. "சத்தியம் பண்ணு" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். சரி நைனா, சத்தியமா, என்றாள்.

எட்டிப் பார்த்தார். படியில் ஒருவரும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பி, மேஜையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். மார்கழி வெளிச்சம் சீக்கிரமே வடிந்து, ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்க, தெருவில் பிள்ளைகள் வாங்கிய முதல் வெடி எங்கோ வெடித்து அடங்க, கதவிடுக்கு வழியாகப் படி நட்சத்திரத்தின் வெளிச்சம் தரையில் ஒரு சிவப்புக் கோடாக வந்து விழுந்து, நட்சத்திரம் சுற்றச் சுற்றப் பெருத்தும் சிறுத்தும் கிடந்தது. ஆறே முக்காலைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டார். அவள் கோயிலில் இருப்பாள், இரண்டாயிரம் பேருக்கு நடுவில் இருப்பாள், ஒன்றும் ஆகாது.

ஆறரைக்கு மணி அடித்தது. கோயில் கூம்பு ஸ்பீக்கர் கரகரத்து, சைமனின் தொண்டை செருமல் சந்து முழுக்கக் கேட்டது. ஊர்க்காரர்களின் பெயர்கள் முதலில் வந்தன. அப்புறம் சின்னதாக ஒரு இருமல்.

"வேலப்பன்."

கீழே முதல் படி கிறீச்சிட்டது.

துரு வாடை வந்தது. கேஸ் கட்டிங் செய்த இரும்பின் சுட்ட வாடை, அவர் ஜூன் மாதம் இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்த அதே வாடை.

"சொக்கம்மாள்."

இன்னொரு கால். ஈரக் கால். மரத்தில் தண்ணீர் சொட்டுவது தெளிவாகக் கேட்டது.

"ராமதாஸ்." சடையங்குப்பம் வெள்ளத்தில் கரண்ட் கம்பியைப் பிடித்தவன். நட்சத்திரம் ஒரு தரம் அணைந்து எரிந்தது.

"தாவூது." மூடிய கன்டெய்னருக்குள் மூச்சு முட்டிச் செத்தவன். கதவுக்கு வெளியே, கீழே எங்கோ, தகரத்தை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"மாயா. ரமாபாய்."

யாரும் ஓடவில்லை. பெயருக்கு ஒரு ஆள். ஆளுக்கு ஒரு படி. முன்னால் வந்தவர் மேலே நகர, புதுசாக வந்தவர் கீழே. டாலிக்கு நிற்கிற மூட்டைகள் மாதிரி ஒழுங்காக ஏறினார்கள்.

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

பதினொன்று.

சத்தம் நின்றது. கதவிடுக்குச் சிவப்புக் கோட்டில் நிழல். மேல்படி ஒன்று மிச்சம். பன்னிரண்டாவது. அது கிறீச்சிடவில்லை. கிறீச்சிடாது. அவர் அடித்துவிட்டார். கையெழுத்தும் போட்டாயிற்று.

கையெழுத்து.

ஐயோ.

அடித்த பெயரை வாசிக்க மாட்டான் சைமன். பக்கத்தில் எழுதியிருக்கிற பெயரை?

சைமன் வரிசையை ஓட்டத்தில் வாசித்துக்கொண்டு வந்தான். கண்ணாடி இல்லாமல் படிக்கிறவன். நிறுத்தவில்லை, இருமவில்லை.

"ஹென்றி."

'நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்குத் தந்தருளும் சுவாமி' என்று கோயில் முழுக்கச் சொன்னது. படியில் பதினொரு குரல்கள் அதையே தாழ்வாகச் சொன்னன.

போன் அடித்தது. டெபோரா. எடுத்துக் காதில் வைத்தார். "நைனா, இன்னா உன் பேரை வாசிக்கிறாங்க? நைனா? பேசேன் நைனா!" இடது தோளிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் இறுக்கியது. வராதே என்று சொல்லத்தான் பார்த்தார். போன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அப்புறம் வலி இல்லை. சுத்தமாக இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு வெளியே, மேல்படியில். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. அவருக்குக் கீழே பதினொரு உச்சந்தலைகள், சிவப்பு வெளிச்சத்தில். ஈரத் தலை ஒன்று. நசுங்கிய தலை ஒன்று.

சரி. அவள் இல்லை. நான்தான். போதும், பரவாயில்லை. அதை நினைத்தபோது ஹென்றிக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

சந்தில் ஓடி வரும் காலடி. சத்தியத்தை மறந்து டெபோரா படியேறி வந்தாள். பதினொரு பேரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு விரற்கடை. அவள் பார்க்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. கதவை இடித்தாள், தோளால் இடித்தாள், மூன்றாவது இடியில் பழைய தாழ்ப்பாள் பிய்ந்தது.

மேஜையில் தலை சாய்த்து ஒருவர் கிடந்தார். நரைத்த பிடரி. அவர் போட்டிருந்த அதே சட்டை.

அவள் கத்தியது சந்து முனை வரை கேட்டிருக்கும். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நைனா நைனா என்று முகத்தைத் துடைத்துவிட்டாள். நெஞ்சைத் தேய்த்தாள். மேஜைமேல் புது நோட்டு திறந்தே கிடந்தது. வரப்போகிற வருஷத்துக்கு மதியம் எழுதிய ஒரே வரி. 'பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையாது.' கையெழுத்து நன்றாகக் காய்ந்திருந்தது.

அடிக்க வேண்டும். உடனே அடிக்க வேண்டும். ஹென்றி பேனாவை எட்டிப் பிடித்தார். விரல் அதன் வழியாகப் போனது. மறுபடி பிடித்தார். மறுபடி.

முதுகுக்குப் பின்னால் படிகள் கிறீச்சிட்டன. யாரும் இறங்கவில்லை. பதினொரு பேரும் வாசலில் நெருக்கி நின்று அந்த வரியைப் படித்தார்கள். படித்துவிட்டு, மெதுவாக, டெபோராவைப் பார்க்கத் திரும்பினார்கள்.

அவர் கழுத்தும் தானாகத் திரும்பியது.