ஒரு வரிசை பாக்கி

வெகுகாலம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் பின்னறைக்குள் டேப்போடு நுழைந்தபோது, டைல்ஸ் மேஸ்திரிக்கு அது எல்லா அறையையும் போல ஓர் அறைதான். நீளம் பன்னிரண்டடி, அகலம் பத்தடி. இரண்டுக்கு இரண்டு கல். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு, ஆக முப்பது. இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

கூட வந்தவன் அவர் மனைவியின் ஒரே தம்பி. தொழிலுக்குப் புதுசு. பெற்றவர்கள் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியதே அவன்தான். “அவனைப் பத்திரமா பாத்துக்குங்க” என்று காலையில்கூடச் சொல்லித்தான் அனுப்பினாள்.

மேஸ்திரி முன்னறையில் கலவை குழைத்துவிட்டு, வேறு கல் அறுத்துவிட்டு வருவதற்குள் மைத்துனன் காரியத்தைக் கெடுத்திருந்தான். உள்சுவரில் தொடங்கிக் கதவை நோக்கிப் பதித்து வரவேண்டியவன், கதவருகே தொடங்கி உள்ளே போய்விட்டான். முன்னால் முழுக்கக் கலவை காயாத ஈரக் கல், அவன் உள்சுவரோரம்.

“எப்படி வெளிய வருவ மாப்ள? ரெக்கை வச்சிருக்கியா?”

“நீங்க தூக்கிட்டு வர மாட்டீங்களா மாமா?” சிரித்தான். “ஆனா கல்லு பத்தல. ஒரு வரிசை பாக்கி.”

மேஸ்திரி எண்ணிப் பார்த்தார். முப்பதும் பதித்தாயிற்று. அவன் காலடியில் இன்னும் வெறும் தரை.

மற்ற அறைகளுக்கான கல்லும் அவன் பக்கத்துச் சுவரில்தான் சாய்த்திருந்தது. “அதுல அஞ்சு எடுத்துப் போடு.”

போட்டான்.

“இன்னும் ஒரு வரிசை பாக்கி மாமா.” இந்தத் தடவை சிரிப்பில்லை.

மேஸ்திரிக்கு நிலைகொள்ளவில்லை. வெளியே ஓடிப் பக்கச் சுவரை அளந்தார். பன்னிரண்டடிதான். திரும்பி வந்தபோது மைத்துனன் சின்னதாகத் தெரிந்தான். பட்டப்பகல் வெளிச்சம் அவன்வரை எட்டவில்லை. சிமெண்ட் வாசனையை மீறி, பல வருஷம் திறக்காத அலமாரியின் நாற்றம் வந்தது.

“மாமா, சுவரு தள்ளிப் போகுது.”

ஈரக் கல்லில் கால் வைத்தால் வீட்டுக்காரரையே விரட்டுகிறவர் அவர்.

“மிதிச்சுட்டு வாடா! கல்லு நாசமாப் போகட்டும், ஓடி வா!”

இருட்டுக்குள் காலடிகள் ஓடி வந்தன. ஒரு கை அவர் கையைப் பற்றியது. வெளியே இழுத்துப்போட்டார். அவனேதான். அதே சட்டை, மூக்கு நுனியில் அதே சிமெண்ட். கட்டிக்கொண்டு அழுதார். இவனில்லாமல் மனைவி முகத்தில் எப்படி விழித்திருப்பார்?

பிறகுதான் தரையைப் பார்த்தார்.

பூனை நடந்தாலே ஈரக் கல் அசையும். அங்கே ஒரு கல்கூட அமுங்கவில்லை.

உள்ளே, வெகு தூரத்தில், ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டிப் பதிக்கும் சத்தம் கேட்டது.

“மாமா... எங்க போயிட்டீங்க?”

மேஸ்திரி அறைக்குள் ஓடப் பார்த்தார். பற்றியிருந்த கை விடவில்லை.

“வீட்டுக்குப் போலாம் மாமா,” என்றான் பக்கத்திலிருந்தவன். “அக்கா காத்துட்டிருப்பா.”