பக்கத்தில் வந்தால் சீட்டி அடிக்கும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாலைக் கடைத்தெரு ஷட்டரை இழுத்துவிட்டு அசந்து கிடக்கிற நேரம். மிளகாய் மில்லுக்கு மேல் உள்ள தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வடிவாம்பாளின் வலது காதில் மெலிதாக, நீளமாகச் சீட்டி அடித்தது.

காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த புது மெஷின்தான். மெல்லுகிற வாயின் வேலையாக இருக்கும் என்று வாயை நிறுத்தினாள். சீட்டி நிற்கவில்லை. கை சோற்றில் இருந்தது, போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, யாரோ வந்த காரியம் முடிந்து நகர்ந்ததுபோல, அதுவாகவே ஓய்ந்தது.

மெஷின் கொடுத்த கிளினிக் பெண் ஆதிரா தன் மலையாளத் தமிழில் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "பேடிக்க வேண்டாம் அம்மா. காதுப் பக்கத்துல ஏதாவது வந்தா மட்டும் விசில் அடிக்கும். கையோ, தலையணையோ, இல்லெங்கி யாராவது கட்டிப்பிடிச்சாலோ." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை வடிவாம்பாளின் காதருகே குவித்தும் காட்டினாள். உடனே அடித்தது. காதுக்குள் போகிற ரப்பர் நுனியை விரலால் உள்ளே தள்ளியதும் நின்றது.

வடிவாம்பாளைக் கட்டிப்பிடிக்க இந்த வீட்டில் ஆள் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. அவராக இருந்தால் அவளுக்குப் பயமும் இல்லை. இருந்த காலத்திலேயே பக்கத்தில் வந்து ஒரு நல்ல வார்த்தை பேசின மனிதர் இல்லை அவர்.

பாதி ஆயுளை மில் சத்தத்தில் கழித்ததில் இடது காது முழுக்கச் செத்துவிட்டது, வலது காது குற்றுயிராகக் கிடந்தது. தென்காசியிலிருந்து தம்பி கோலப்பன் வாரம் தவறாமல் போனில் அதையே பிடித்துக்கொண்டான். "காது கேக்காம ஒத்தையில கெடந்து என்னக்கா செய்யப் போற? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாருக்குத் தெரியும்? மில்லைக் குடுத்துட்டு இங்க வந்துரு." அவன் வாயை அடைக்கத்தான் அவள் மெஷினே வாங்கப் போனாள். இப்போது ஆளில்லாத வீட்டில் சீட்டி அடிக்கிறது என்று சொன்னால், காதோடு புத்தியும் போய்விட்டது என்று அன்றைக்கே வண்டி பிடித்து வந்துவிடுவான். அவனிடம் அவள் மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை காலை, கீழே மில்லின் பெல்ட் ஓட ஆரம்பிக்கும் முன்னால், தாசையன் அவள் மேஜைக்கு வந்தான். மில்லில் வெகு காலமாக வேலை பார்ப்பவன். அங்கே பேச்சு என்றால் காதோரம் குனிந்து, கையைக் குவித்து, காதுக்குள் சொல்வதுதான். மில் நின்றிருந்தாலும் அந்தப் பழக்கம் யாருக்கும் விடுவதில்லை. அவனும் அப்படியே குனிந்து, "யக்கா, மல்லியை முதல்ல போடட்டா?" என்றான்.

சீட்டி அடித்தது. அவன் சொல்லி முடித்து நிமிர்ந்ததும் ஓய்ந்தது.

அதே சீட்டி. ஒரு வாக்கியம் சொல்ல ஆகிற அதே நேரம். நேற்று வந்தது சும்மா வந்து நிற்கவில்லை. மில் ஆட்களைப் போலக் குனிந்து, கை குவித்து, அவளிடம் எதையோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் தலை வாரிச் சீப்பைக் கீழே வைத்த பிறகு மறுபடி அடித்தது. கண்ணாடியில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

மெஷின்தான் கோளாறு, அதைத் தொலைப்போம் என்று மறுபடி கிளினிக்குக்குப் போனாள். மெஷின் சரியில்லை, மாற்றப் போகிறேன் என்று மட்டும் சொன்னதில் கோலப்பனும் தென்காசியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். ஆதிரா காதுத் துவாரத்துக்குள்ளேயே மறைந்துவிடுகிற சின்ன ரகம் ஒன்றை எடுத்து வைத்தாள். விசில் குறைவு, ஆள் பக்கத்தில் வந்தாலும் அடிக்காது என்றாள். "இதுதான் கௌரவம். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான் கோலப்பன். போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று ஆதிரா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள்.

அந்தச் சின்ன மெஷினோடு வீடு அமைதியாகிவிட்டது. குக்கர் மூச்சு விடுவது கேட்டது, மாடிப்படியில் பூனை இறங்குவது கேட்டது, கீழே மூட்டைக்குள் மிளகாய் வற்றல் உராய்வதுகூடக் கேட்டதுபோல் இருந்தது. சீட்டி மட்டும் இல்லை. ஒரு நாள் நிம்மதியாகத்தான் இருந்தாள். மறுநாள் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, வலது காதோரத்து முடி மட்டும் மெல்ல அசைந்து கன்னத்தில் விழுந்தது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

முடி மறுபடி அசைந்தது. டிவி சத்தத்துக்கு மேல் வேறெதுவும் காதில் விழவில்லை.

பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தனை நேரமும் இருந்திருக்கிறது. தெரியாமல் உட்கார்ந்திருந்தேனே என்று நினைத்ததும், பயத்தைத் தாண்டி அவளுக்குக் கோபம் வந்தது.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சின்னதைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு சீட்டி அடிக்கிறதே போதும் மோளே. பக்கத்துல வாறது எதுன்னாலும் எனக்குத் தெரியணும்." ஆதிரா ஒன்றும் புரியாமல் பழைய மெஷினையே மாட்டிவிட்டாள். "அப்ப அம்மாவுக்கு இதுதான் செரி" என்றாள்.

அடுத்த ஞாயிறு துலாம் மாசத்து ஐப்பசி மழை மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்து ஓட்டின் மேல் கொட்டியது. கரண்டு போனது. கீழேயிருந்து ஈர வாடையோடு மிளகாய் நெடி ஏறி வந்து தொண்டையில் நின்றது. வடிவாம்பாள் கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சுவரில் அழுத்தி உட்கார்ந்தாள். வரட்டும்.

வந்தது.

சீட்டி இந்த முறை மழைச் சத்தத்தையே விழுங்கியது. போனில் கோலப்பனின் பெயர் மின்னியது. எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராத்திரிக்குள் இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம்.

எடுக்கவில்லை. மின்னி அணைந்தது.

சீட்டி நிற்கவில்லை. காதுக்குள் இருக்கும் ரப்பர் நுனியை விரலால் லேசாக உள்ளே தள்ளினால் நின்றுவிடும். நின்றால் அது சொல்வது கேட்கும். அடிக்கும்வரை கேட்காது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தாள்.

"அடிக்கட்டும்" என்றாள் சத்தமாக. "நீ என்ன சொன்னாலும் என் காதுல விழாது. இது என் வீடு. கீழ கெடக்குது என் மில்லு. நான் எங்கயும் போமாட்டேன், கேட்டியா? வேணும்னா நீ போ."

அது போகவில்லை.

சீட்டி ஏறியது. மிளகாய் நெடி ஏறியது. காதோரத்து முடி விலகியது. தானாக அல்ல. யாரோ ஒதுக்கியதுபோல, பதமாக.

அவள் குனிந்து பார்த்தாள். பத்து விரலும் நாற்காலியின் கைகளில்தான் இருந்தன.

ஒரு விரல் அவள் காதுக்குள் வந்து, ரப்பர் நுனியை மெல்ல உள்ளே தள்ளியது.

சீட்டி நின்றது. துல்லியமான அமைதி. அதற்குள், மிகப் பக்கத்தில், பேசுவதற்காக ஒரு வாய் மூச்சை இழுத்தது.